கசப்பன் புகழ்ந்த படம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தொடையில் மூட்டைப்பூச்சி கடித்த தடிப்புகளைச் சொறிந்துகொண்டே, முந்தைய நாள் பார்த்த படத்தைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்றாவியை நான் பார்ப்பது அது ஐந்தாவது தடவை. சப்பான்காரன் வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. மதராஸிலிருந்து கப்பல் இல்லை, அதனால் புதுப் படமும் இல்லை. சண்டை தொடங்கியபோது சுங்கைப் பட்டாணியில் மாட்டிக்கொண்ட ஆறு பழைய படங்களையே மோரிஸ் தன் கொட்டகையில் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். அறுந்த இடங்களை வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி, இப்போது ராஜா காட்டுக்குப் போவதற்கு முன்பே காட்டிலிருந்து திரும்பி வந்துவிடுகிறார். ராணி இரண்டாவது ரீலில் செத்து நான்காவது ரீலில் பாடுகிறாள். பதினேழு வயது ராஜகுமாரனாக வருகிறவருக்கு ஐம்பது வயது. முதலில் தொப்பை வருகிறது, கொஞ்சம் பொறுத்து ராஜகுமாரன் வருகிறார். ஜனங்கள் கைதட்டுகிறார்கள். செத்த ராணி பாட வரும்போது இன்னும் பலமாகக் கைதட்டுகிறார்கள்.

படத்தைவிடப் பார்க்க வருகிறவர்களைத்தான் எனக்குச் சகிக்காது. வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கு, இடுப்புக்குச் சாக்கு, தலைக்கு மட்டும் அந்த ராஜகுமாரனைப் போலக் கழுத்து வரை சுருள் முடி. தேங்காய் எண்ணெய் கண்ணில் படாத காலத்தில் அதற்கு என்னத்தைத் தடவினார்களோ, பக்கத்தில் உட்கார முடியாது. வெற்றிலை எச்சிலைக் காலடியிலேயே துப்பிவிட்டு, அதிலேயே காலை வைத்துக்கொண்டு, செத்துப்போன தாய்க்காகக் கேவிக் கேவி அழுவார்கள். சொந்த வீட்டில் சொந்தத் தாய் காய்ச்சலில் கிடப்பாள். இதையெல்லாம் நான் வாராவாரம் எங்கள் தாளில் 'கசப்பன்' என்ற பெயரில் எழுதிவந்தேன். முன்பு எட்டுப் பக்கமாக வந்த தாள், இப்போது பழுப்புக் காகிதத்தில் நான்கு பக்கம். அதில் என் பத்தி மட்டும் நிற்கவில்லை. சினிமாவைத் திட்டினால் சப்பான்காரனுக்கு ஒன்றும் குறையவில்லை.

நான் திட்டுவதால் ஒரு படமாவது ஓடாமல் போனது உண்டா என்றால் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். வெள்ளிக்கிழமை தாள் ரப்பர் தோட்டங்களுக்குப் போகும். கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவன் என் பத்தியை உரக்கப் படிப்பான். பத்தொன்பது பாட்டு என்று நான் காறித் துப்பியிருந்தால் அவர்கள் காதில் பத்தொன்பது பாட்டு என்பது மட்டும் விழும். மூன்று பேர் சாகிறார்கள், மூன்று பேரும் பாடிவிட்டுச் சாகிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டால், அப்படியா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "கசப்பன் வஞ்சிருக்காரா?" "ரொம்ப வஞ்சிருக்காரு." "அப்ப போவலாம்." இதை நான் என் காதாலேயே பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஒரு படத்தைப் பற்றி 'தூங்காமல் பார்த்தேன்' என்று எழுதினேன். மூன்றாம் நாள் கொட்டகை காலி. மோரிஸ் வந்து, "அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும், இனிமே எதையும் நல்லாருக்குன்னு எழுதாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு என் வசவுகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகை வாசலில் அவனே ஒட்டிவைத்தான்.

என்னைத் தலைகீழாகப் படிக்காத ஒரே ஆள் அழகேசன். பாக்கார் ஆராங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். இருபத்தைந்து வயது இருக்கும். தோட்டத்துப் பள்ளியில் நான்காவது வரை படித்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சகத்துக்கு வந்து வாசலில் குந்திக்கொள்வான். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டான். மடியிலிருந்து என் பத்தியை எடுத்து மடிப்புப் பிரித்து, "பாட்டு வந்தா கதை நின்னுடுதுன்னு எழுதிருக்கீங்களேய்யா, அப்ப பாட்டே கூடாதுங்குறீங்களா, இல்ல எடந் தெரிஞ்சி வைக்கணுங்குறீங்களா?" என்று கேட்பான். பினாங்கில் கோட்டு போட்டவர்கள்கூட என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் வேண்டாம் என்று எழுதிய படத்தை அவன் பார்க்க மாட்டான். நானோ எந்தப் படத்தையும் பார் என்று எழுதியதில்லை. ஆக, நான்கு வருடமாக என்னை வரி விடாமல் படித்த அந்த மனிதன் வாழ்நாளில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. லயத்தில் அவனைக் கேலி பண்ணினார்கள். தூங்காமல் பார்த்த படத்தைப் பற்றிக்கூட வந்து கேட்டான். "அது நல்ல படமாங்கய்யா?" "தூங்கல, அவ்வளவுதான்" என்றேன். "அப்ப நல்லது வந்ததும் சொல்லுங்கய்யா. அன்னைக்குப் போறேன்" என்றான். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு மனிதனின் சந்தோஷத்தை நான்கு வருடம் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மோரிஸ் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருகிறவன், கழுத்திலிருந்த சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டு நின்றான்.

"ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு சப்பான் படம்ணே. ஆம்பளைங்களுக்கு மட்டும். ஓசி."

"ஓசியிலயும் எவன் பாப்பான் அத?"

"கேளுங்கண்ணே. படம் ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே கதவுங்களுக்கு வெளியேர்ந்து சங்கிலி போட்டுடணுமாம். பின் சந்துல மூணு லோரி நிக்குமாம். ஜித்ரா பக்கம் ஒரு தோட்டத்துல போன மாசம் இப்படித்தான் படம் காட்டிருக்கானுங்க. பாக்கப் போனவன் ஒருத்தனும் வீட்டுக்குத் திரும்பல. நேரா ஸ்டேசன். சயாமுக்கு."

சயாம் என்றால் என்ன என்று அப்போது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே காட்டுக்குள் ரயில் ரோடு போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவர்களிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. தப்பி வந்த ஒருவன் காலில் எலும்பு தெரியும் புண்ணோடு வந்து, நான்கு நாள் பிதற்றிவிட்டுச் செத்தான். அதற்குப் பிறகு லோரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஓடுகிறவனைத் துரத்திப் பிடிப்பதைவிட உட்கார்ந்திருப்பவனை அள்ளிக்கொண்டு போவது சுலபம் என்று எவனோ யோசித்திருக்கிறான். சினிமாவை எவ்வளவோ கேவலமாக நினைத்திருக்கிறேன். அதை எலிப்பொறியாக வைக்கலாம் என்று எனக்கே தோன்றியதில்லை.

வாய்வழியாகச் சொல்லிவிடலாம் என்று நினைப்பது எளிது. இருபது தோட்டத்துக்கு யார் போய்ச் சொல்வது? பத்துப் பேரிடம் சொன்னால் அதில் ஒருவன், சொன்னவனை ஒரு பொட்டலம் அரிசிக்காகக் காட்டிக்கொடுப்பான். அப்படி மாட்டிக்கொண்ட ஒருவரைப் பாசார் நடுவில் முட்டிபோட வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகாமல் வேறு சடக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு போனவன் நான்.

சாயங்காலம் மனோகரன் வந்தான். பிரச்சார ஆபீசில் மொழிபெயர்ப்பாளன். பினாங்கிலிருந்து வந்தவன், சப்பான் பாஷையை மூன்று மாதம் படித்துவிட்டு, தமிழையே அந்நியன் மாதிரிப் பேசப் பழகிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை படத்தப் பத்தி இந்த வாரமே எழுதணும் சார். ஒங்க வழக்கமான தோரணை வேணாம். நல்லா, மனசாரப் புகழ்ந்து எழுதணும்."

"நான் இன்னும் படத்தப் பாக்கல."

"பாத்துத்தான் எழுதணும்னு என்ன சார் இருக்கு" என்றான். நான் வாழ்க்கையில் கேட்டதிலேயே அருவருப்பான வாக்கியம் அதுதான். சேர்க்க வேண்டியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான்: இலவசம், ஆண்கள் மட்டும், காட்சி முடிந்ததும் லோரியில் வீட்டு வாசலில் கொண்டுவிடப்படுவார்கள்.

அவன் போன பிறகு வெகுநேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. பினாங்குக்காரனுக்கு என் வாசகர்களைத் தெரியாது. நான் இந்தப் படத்தைத் திட்டினால் நான் லாக்கப்பில் இருப்பேன், கொட்டகை நிரம்பி வழியும். புகழ்ந்தால் ஒரு குருவிகூட அந்தப் பக்கம் போகாது. ஜனங்களைக் காப்பாற்ற எது ஒன்றால் முடியுமோ அதையே எழுதச் சொல்லி உத்தரவும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

உட்கார்ந்து எழுதினேன். 'இப்படத்தில் பாடல்களே இல்லை. காதல் இல்லை. சண்டையிட்டுக்கொள்ளும் மாமியார் மருமகள் இல்லை. அழும் தாய் இல்லை. கடமையும் ஒழுங்கும் மட்டுமே இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் நான் பார்க்கும்படி சொல்லும் முதல் படம் இது. ஒவ்வொரு தமிழனும் இதைக் கண்டு பயன்பெற வேண்டும்.' ஒரு வாக்கியத்தை எழுதுவேன், இதைக் கேட்டால் எத்தனை பேர் கொட்டாவி விடுவார்கள் என்று கணக்குப் போடுவேன், அடுத்ததை அதைவிட இனிப்பாக எழுதுவேன். எனக்கே குமட்டியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவ்வளவு சரளமாக நான் அதற்கு முன் எழுதியதில்லை. பொய் எழுதுவது இவ்வளவு சுகமானது என்று தெரிந்திருந்தால் எப்போதோ கெட்டுப்போயிருப்பேன். மனோகரன் படித்துவிட்டு என் தோளைத் தட்டினான். அரிசி ஒரு பொட்டலம் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வடித்துத் தின்றேன். சோறு தின்று ஆறு மாதம் ஆகியிருந்ததால் வெறும் உப்புப் போட்டே ருசித்தது.

வெள்ளிக்கிழமை தாள் போனது. சனிக்கிழமை பாசாரில் கிழங்கு விற்கிறவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பினாள். "கசப்பனும் சப்பான்காரனுக்கு வால் புடிக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று யாரோ என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். "பாட்டே இல்லியாம்ல, எவன் போவான்" என்று இன்னொரு குரல். அந்தத் துப்பலும் அந்தப் பேச்சும் எனக்குத் தேனாக இருந்தன. திமிரோடு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. வாசல் காலியாக இருந்தது. ஏதோ ஒன்று குறைகிறதே என்று நினைத்துக்கொண்டே எச்சில் தொட்டுப் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குறைவது அழகேசன் என்று தெரிந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. ஊர் முழுக்க என்னை எப்படிப் படிக்கும் என்று கணக்குப் போட்டவன், என்னை நேராகப் படிக்கிறவன் ஒருவன் இருப்பதை மறந்துவிட்டேன். நான் மதிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரே வாசகனை மறந்துவிட்டேன்.

டயருக்குப் பதில் கித்தாக் குழாய் சுற்றிய சைக்கிளில் நான்கு மைல் மிதித்துத் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் ஆண்கள் எல்லாரும் இருந்தார்கள். கிழங்கு சுட்டுக்கொண்டும் தாயம் ஆடிக்கொண்டும் என்னை முறைத்தார்கள். அழகேசன் மனைவி செல்லாயி மட்டும் எழுந்து வந்து கும்பிட்டாள்.

"அவரு விடிஞ்சதும் குளிச்சிட்டு, கல்யாண வேட்டிய எடுத்துக் கட்டிக்கிட்டுப் போயிட்டாருங்களே. தண்டவாளத்து வழியா போனா மொத ஆளா போயிடலாம்னாரு. லயத்துல வேற யாரும் போவல, இவரு மட்டுந்தான்." அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நீங்களே நல்ல படம்னு எழுதிட்டீங்களாமே. எத்தன வருசமா காத்துக் கெடந்தாரு. பொம்பளைங்களுக்கு எப்பங்கய்யா போடுவாங்க?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மிதித்தேன். பாதி வழியில் கித்தாக் குழாய் கழன்றது. சைக்கிளை ஒரு சீனன் கடையில் போட்டுவிட்டு ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில், செருப்புக் காலோடு, வெயிலில். கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது படம் ஆரம்பித்து அரை மணி ஆகிவிட்டிருந்தது. பக்கவாட்டுக் கதவுகளில் சங்கிலி தொங்கியது. முன்கதவில் மட்டும் இன்னும் பூட்டவில்லை. ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான், அவன் பக்கத்தில் மோரிஸ்.

"உள்ள போவாதீங்கண்ணே" என்றான் மோரிஸ், உதடு அசையாமல். "ஒங்க எழுத்தால நானூறு பேர் வர்ற எடத்துல அம்பது பேர்தான் வந்துருக்கான். அதோட விடுங்க."

ஐம்பது பேர். தாளைப் படிக்காதவர்கள், யாரும் படித்துக் காட்டாதவர்கள். அவர்களோடு படித்தவன் ஒருவன். பத்திரிகைக்காரன் என்று எனக்குக் கொடுத்திருந்த இலவசச் சீட்டைச் சிப்பாயிடம் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

அழகேசன் முதல் வரிசையில் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தான். எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கழுத்தை அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். திரைக்குப் பக்கத்தில், அவனுக்கு ஆறடி தூரத்தில், மனோகரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு படத்துக்குத் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் குனிந்து நடந்துபோய் அழகேசன் காலடியில் உட்கார்ந்தேன்.

"அழகேசா, எந்திரி. வெளிய வா."

"ஐயா, வந்துட்டீங்களா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தா வெள்ளையா விழுதே, அது என்னங்கய்யா?"

மலை மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. "பனி" என்றேன்.

"அதப் பத்தி நீங்க எழுதவே இல்லியே. எழுதுனத விட நல்லாருக்குங்கய்யா."

"படம் குப்பை. நான் எழுதுனது பொய். எந்திரி."

அவன் முதன்முறையாக என் பக்கம் திரும்பினான். திரை வெளிச்சத்தில் அவன் முகம் ஈரமாகத் தெரிந்தது. என்னை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. கோபம் இல்லை, என்மேல் இரக்கப்படுகிற மாதிரி இருந்தது.

"இருந்துட்டுப் போவட்டுங்கய்யா" என்றான். "எனக்கு நல்லாத்தான் தெரியுது. நான் பாத்துட்டே வரேன்."

"வெளிய லோரி நிக்குதுடா."

"ஆமாங்கய்யா, வீட்ல கொண்டாந்து விடுறாங்கன்னு நீங்கதான எழுதிருந்தீங்க."

இனி ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்தது. சயாம். அதைக் காதோடு சொல்லியிருந்தால் போதும், வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்திருப்பான். நான் வாயைத் திறந்தபோது மனோகரன் விளக்கத்தை நிறுத்திவிட்டான். கொட்டகையில் படக் கருவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "நம்ம விமரிசகர் ஐயாவே வந்திருக்கிறார்" என்றது மைக். "இந்தப் படத்தின் அருமையை உங்களுக்கு எடுத்துச் சொன்னவர்." ஐம்பது தலைகள் என்னைப் பார்த்தன. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பயம்தான். வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாசார் நடுவில் முட்டிபோட்டிருந்தவர் முகம் கண்முன் வந்தது, சயாம் என்ற அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டேன். மனோகரன் புன்னகையோடு முன்கதவுப் பக்கம் கையைக் காட்டினான். நான் போகலாம் என்று அர்த்தம், போய்விட வேண்டும் என்றும் அர்த்தம்.

இரண்டு வரிசைக்கு நடுவே நடந்தேன். எத்தனையோ படங்களிலிருந்து பாதியில் எழுந்து, எல்லாரும் பார்க்கும்படி செருப்பைத் தட்டிக்கொண்டு வெளியேறியவன் நான். அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன். அன்று செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தேன். பின்னால் மனோகரன் மறுபடியும் பேச ஆரம்பித்தான். மலை, பனி, ஒழுங்கு, கடமை. கடைசி இரண்டும் நான் எழுதிய வார்த்தைகள்தான்.

கதவைத் தள்ளினேன். மூன்றரை மணி வெயில் கொட்டகைக்குள் பாய்ந்து நேராகத் திரையில் போய் விழுந்தது. மலையும் பனியும் அழிந்து வெறும் அழுக்குத் துணி தெரிந்தது. உள்ளே எல்லாரும் முணுமுணுத்தார்கள்.

"கதவச் சாத்துங்க, படம் தெரியல" என்று ஒரு குரல் அதட்டியது. அழகேசனின் குரல். என்னிடம் அவன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வாசலில் நிற்பது நான்தான் என்று அவன் கவனித்தானா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். உள்ளே முணுமுணுப்பு அடங்கியது. சிப்பாய் சங்கிலியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கைப்பிடியிலிருந்து நான் கையை எடுப்பதற்காக மரியாதையோடு காத்து நின்றான்.